மௌனமாக ஒப்புக்கொண்டவள்

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் பேக்கரியின் வாட்ச்மேன். காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் சைக்கிளை விட்டு இறங்கினேன். அவர் கேட்டைத் திறக்காமல் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, உங்கள உள்ள விடக்கூடாதாம்."

"ஏன், மருந்து அடிச்சிருக்காங்களா?" என்று கேட்டேன். மாதம் ஒருமுறை கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிப்பார்கள். அன்றைக்கு எல்லோரும் ஒரு மணி நேரம் வெளியே நிற்போம்.

"இல்லக்கா. மத்தவங்கள விடலாமாம். உங்கள மட்டும்தான் விடக்கூடாதாம்."

பிறகு கம்பி இடுக்கில் நுழையாததால் கேட்டை ஒரு முழம் திறந்து, ஒரு கேக் பெட்டியை நீட்டினார். பிறந்தநாள் கேக் வைக்கிற பெரிய பெட்டி. உள்ளே என் ஏப்ரன், உள்ளே போட்டுக்கொள்ளும் செருப்பு, டீ குடிக்கிற டம்ளர், ஒரு கவர். பெட்டியின் மேல் ரோஸ் கலர் ரிப்பன் கட்டியிருந்தது.

"மூடி திறந்து திறந்து வந்துச்சு. அதான் நானே ரிப்பன் கட்டிட்டேன்" என்றார்.

கவரில் இருந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். முறைப்படி நடந்த விசாரணையில் என் கடுமையான ஒழுங்கீனம் நிரூபிக்கப்பட்டதால் என் சேவை இனித் தேவையில்லை என்று இருந்தது. என்ன ஒழுங்கீனம் என்று இல்லை. எப்போது நடந்த விசாரணை என்றும் இல்லை. நான் படித்துச் சொன்னதைக் கேட்ட வாட்ச்மேன் ஒரு அடி பின்னால் போய் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"கடுமையான ஒழுங்கீனமா? அப்படி இன்னாக்கா செஞ்சீங்க?"

"எனக்குத் தெரியலையே."

"சும்மா சொல்லுங்கக்கா. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் குரலில் அதுவரை என்னிடம் காட்டாத ஒரு மரியாதை இருந்தது.

பெட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு எங்கள் மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்துக்குத் திரும்பினேன். வழியில் மூன்று பேர் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்கள். இரண்டு பேருக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மூன்றாவது ஆள், பக்கத்து வீட்டுக்காரி, சாயங்காலம் பிள்ளைகளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அந்த பேக்கரி பீச் ரோட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில் இருக்கிறது. மஞ்சள் சுவர், முன்பக்கம் காபி குடிக்க மேசை நாற்காலிகள், பின்பக்கம் அடுப்பும் குளிர் அறையும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அங்கே பாத்திரம் கழுவத்தான் போனேன். செஃப் நம்ம ஊர்க்காரர்தான். பிரான்ஸில் பல வருஷம் ரொட்டிக் கடைகளில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். தினமும் காலையில் பிரெஞ்சில் "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லி எல்லோருக்கும் கை கொடுப்பார், பாத்திரம் கழுவுகிறவளுக்கும். முதல் நாள் எனக்குக் கை கொடுத்தவர் கையை விடவே இல்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"உன் கை எப்பவுமே இப்படித்தான் ஜில்லுனு இருக்குமாம்மா?"

"ஆமா சார். டாக்டர்கிட்ட காட்டணுமா?"

"டாக்டரா? நாளையிலேர்ந்து நீ குருவாசான் மாவுக்கு வா."

குருவாசான் என்பது பிறை வடிவத்தில் அடுக்கடுக்காக இருக்கும் பிரெஞ்சு ரொட்டி. அதன் ரகசியம் வெண்ணெய். மாவைத் தேய்த்து, நடுவில் வெண்ணெயைப் பலகைபோல் வைத்து, மடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி மடிக்க வேண்டும். கை சூடாக இருந்தால் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிடும். அப்புறம் அது பன்தான். புதுச்சேரி வெயிலில் சூடில்லாத கை கிடைப்பது அபூர்வம் என்பார் செஃப். என் வீட்டுக்காரர் கல்யாணமானதிலிருந்து குறை சொல்லிக்கொண்டிருந்த கைக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? முதல் முறை நான் செய்த குருவாசானை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "நண்டு பன்னு" என்று பெயர் வைத்தார். குப்பத்தில் இன்றும் அதற்கு அதுதான் பெயர்.

என்னை நிறுத்திய சமயத்தில் செஃப் ஊரில் இல்லை. பிரான்ஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கடையை நடத்தியவர்கள் முதலாளியும் மேடமும். கணவன் மனைவி. கட்டடம் முதலாளியின் அப்பா காலத்தது. நிர்வாகம் முழுக்க மேடம். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், சுத்த சைவம். எங்கள் கடையில் மீன், கறி எதுவும் கிடையாது. முட்டையை மட்டும் வியாபாரத்தை உத்தேசித்து மன்னித்திருந்தார். முதலாளி யாரிடமும் முகத்துக்கு நேராக ஒரு கடுமையான வார்த்தை பேசமாட்டார். நல்ல மனுஷர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

கடலுக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"நீ இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒரு வேலையும் பண்ணாம இருந்தா நிறுத்தத்தானே செய்வாங்க?"

"அய்யோ, தப்பு ஒண்ணும் பண்ணலன்னு சொல்றேன்."

"அதை மொதல்ல சொல்லு."

முதலாளிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மேடத்துக்குச் செய்தேன், கட் ஆனது. கடை ஆட்கள் எல்லோரும் இருக்கும் போன் குரூப்பிலிருந்து என்னை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் குப்பம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சாவு வீட்டுக்கு வருவதுபோல் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். சிலர் காபி போட்டு ஃப்ளாஸ்கில் கொண்டுவந்தார்கள். கேக் பெட்டியைப் பார்த்து வந்த பிள்ளைகள் ஏமாந்து போய் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடத்தை எதிர்த்துப் பேசியிருப்பேன் என்றார் ஒருவர். இன்னொருவர், குருவாசான் செய்ய மிஷின் வந்திருக்கும் என்றார். ஒரு கிழவர் மட்டும், "வெள்ளக்காரங்க போனதுலேர்ந்தே இப்படித்தான்" என்றார். எதற்கு அப்படிச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு என் பங்குக்கு நானே என்னை விசாரிக்க ஆரம்பித்தேன். காரணம் சொல்லாமல் தண்டனை கொடுத்தால் காரணத்தை நாமே தேட வேண்டியிருக்கிறது. ஒரு தடவை கருகிப்போன பாதாம் குருவாசானைக் குப்பையில் போடாமல் தின்றிருக்கிறேன். ஒரு தடவை மாவைப் பார்த்துத் தும்மியிருக்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். ஒரு தடவை மேடத்தின் புதுப் புடவையை நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், நன்றாக இல்லை. ஒன்பது வருடத்தில் இவ்வளவுதானா என்று எனக்கே சந்தேகம் வந்து இன்னும் யோசித்தேன். நான்கு நாளில் இருபது குற்றங்களுக்கு மேல் தேறின. ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் பதிலும் தயார் செய்து வைத்தேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் நல்ல புடவை கட்டிக்கொண்டு நேராகக் கடைக்கே போனேன். முன்பக்க வாசலில் வாட்ச்மேன் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ரொம்ப நேரம் யோசித்தார்.

"வேலைக்கு வந்தா விடக்கூடாதுன்னுதான் சொன்னாங்க. கஸ்டமரா வந்தா விடக்கூடாதுன்னு யாரும் சொல்லல" என்று சொல்லி, மற்ற கஸ்டமர்களுக்கு அடிப்பதுபோல் ஒரு சல்யூட்டும் அடித்தார்.

ஒன்பது வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உட்கார வசதியாகத்தான் இருந்தது. காபி மிஷினில் நிற்கும் பெண் ஓடி வந்தாள். கொஞ்சம் வாய்த்துடுக்கு, ஆனால் என்மேல் பிரியமானவள். அவளிடம் ஒரு காபி சொன்னேன். அந்த நேரம் முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார். படியிலேயே நின்றார். மேலே மேடம் இருந்திருக்க வேண்டும், திரும்ப ஏறவில்லை. வாசலுக்கு வர வேண்டுமென்றால் என்னைத் தாண்ட வேண்டும். சட்டென்று பின்பக்கம் போய்க் குளிர் அறைக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

அந்த அறைக்கு வேறு வழி இல்லை. நான் காபியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தேன்.

காபிப் பெண் துணியால் மேசையைத் துடைப்பதுபோல் குனிந்து, "அக்கா, உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?" என்று கேட்டுத் தன் போனைக் காட்டினாள். கடையைப் பற்றி ஒரு கஸ்டமர் இணையத்தில் எழுதியிருந்தார். ஒரே ஒரு நட்சத்திரம். 'காபி நன்று. குருவாசானில் கருவாட்டு வாடை. என் மனைவி அழுதுவிட்டார்.'

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்த மனைவி எதற்கு அழுதாள் என்று தெரியவில்லை.

"மேடம் பாத்துட்டு ஒரே சத்தம். அந்தக் குப்பத்துலேர்ந்து வர்ற பொம்பள கைதானே, வாடை வராம என்ன பண்ணும்னு சொன்னாங்கக்கா. சார் பக்கத்துலதான் நின்னாரு. ஒண்ணுமே சொல்லல."

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த ரிவ்யூ வருவதற்குச் சில நாள் முன்னால் முதலாளி பின்பக்கம் வந்து, யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, "உங்க பக்கம் நல்ல வஞ்சிரக் கருவாடு கிடைக்குமா? எனக்குச் சின்ன வயசுலேர்ந்து உசுரு. வீட்டுல வாசப்படியே மிதிக்க விட மாட்டாங்க. எங்கயாவது வெச்சு அப்பப்ப ஒரு துண்டு..." என்று கேட்டார். மீன் விற்கிற என் அக்காவிடம் சொல்லி நல்லதாக வாங்கி, காலையில் அவர் காரருகே அவர் கையிலேயே கொடுத்தேன். பிறகு அதை அவர் எங்கே கொண்டுபோனார் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. வெண்ணெய் வைக்கிற குளிர் அறைக்குத்தான்.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்துக் குளிர் அறைக் கதவு திறந்தது. முதலாளி வெளியே வந்தார். மூக்கு சிவந்து, மீசை ஈரமாகி, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"மீ... மீ... மீட்டிங் இருக்கு" என்றார்.

"சார், அந்தக் கருவாடு..." என்று ஆரம்பித்தேன்.

"ஷ்ஷ்!" என்று மாடியைப் பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடியும் குளிர் அறைக்குள்ளேயே போய்விட்டார்.

நான் கத்தியிருக்கலாம். மேடம் மாடியில்தான் இருந்தார். ஆனால் மேசைகளில் கஸ்டமர்கள் இருந்தார்கள்; குருவாசான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது என் கடையே இல்லை என்பது உறைத்தது.

அன்று சாயங்காலம் பிரான்ஸிலிருந்து செஃப் போன் செய்தார். காபிப் பெண் சொல்லியிருக்கிறாள்.

"கையிலேர்ந்து வாடை வருதா? யார் சொன்னது? வெண்ணெய்க்கு மூக்கு உண்டும்மா. பக்கத்துல எதை வெச்சாலும் இழுத்துக்கும். வெண்ணெய்க்குப் பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு கேக்கச் சொல்லு அவங்கள!"

"யாரும் என்னை எதுவும் கேக்கல செஃப்."

அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எனக்கு அர்த்தம் புரியவில்லை. நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

காரணம் தெரிந்ததும் நிம்மதி வரவில்லை. அதற்குப் பிறகு பல நாள் நான் யாருக்கும் தெரியாமல் என் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சோப்புப் போட்டுக் கழுவுவேன், முகர்வேன், மறுபடி கழுவுவேன். பிறந்ததிலிருந்து கடற்கரையில் இருப்பவளுக்கு அந்த வாடை இருந்தாலும் தெரியாதோ என்று ஒரு பயம். என் வீட்டுக்காரரிடம் கையை நீட்டி முகரச் சொன்னேன். அவர் வலையை அப்போதுதான் கீழே வைத்திருந்தார். "எங்கிட்ட போய்க் கேக்கிறியே" என்றார்.

அக்காதான் என்னைக் கிளப்பினாள். அவளிடம் மீன் வாங்குகிற ஒரு வக்கீலம்மாவிடம் மீனை வெட்டிக்கொண்டே என் கதையைச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "உங்க தங்கச்சிய விசாரிச்சாங்களா?" இல்லை என்றதும், ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததை நடந்தபடி எழுதித் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை கூப்பிட்ட தேதிக்கு அவர்கள் வரவில்லை. இரண்டாவது தேதிக்கு முதலாளியும் மேடமும் ஒரு ஃபைலோடு வந்தார்கள். எனக்குத் துணையாக அக்கா வந்தாள். விற்று முடித்துவிட்டு நேராக வந்ததால் காலிக்கூடையை வாசலில் கவிழ்த்து வைத்தாள். எங்களை உள்ளே அழைத்துப் போக வந்த கிளார்க் கூடையைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு இறால் வருமா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

அதிகாரி என் வயதுக்காரர், பொறுமையானவர். மேசைக்கு ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் நாங்கள்.

"முறைப்படி விசாரணை நடத்தித்தான் நிறுத்தினோமுங்க சார்" என்று மேடம் ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். அதிகாரி அதைச் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார். மாசிமகத்தன்று காலை பத்து மணிக்குக் கடை மாடியில் விசாரணை நடந்தது. தொழிலாளி நேரில் ஆஜரானார். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. தொழிலாளி எந்தப் பதிலும் சொல்லாமல் மௌனமாக இருந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

நான் அப்போதும் மௌனமாகத்தான் இருந்தேன். அக்கா இருக்கவில்லை.

"மாசிமகத்தன்னிக்கா? காலையில பத்து மணிக்கா? அன்னிக்கு எங்க குப்பத்துக் கடக்கரைக்குச் சுத்துவட்டாரத்துச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிக்குது. எந்தங்கச்சி எங்கூடப் பந்தல்ல மோர் ஊத்திக்கினு இருந்தா!"

அதிகாரி தாளை மறுபடி பார்த்தார். "மாசிமகத்தன்னைக்குப் பத்து மணிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து யாரும் வெளிய வந்திருக்க முடியாதேம்மா. நானே பொண்ணத் தோள்ல தூக்கிக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்ன எடத்துலயே நின்னேன். நீங்க அன்னைக்கு ஊர்ல இருந்தீங்களா?"

மேடத்தின் முகம் மாறியது. "நான் கோயம்புத்தூருக்குப் போயிருந்தேனுங்க. தேதி... தேதி டைப் பண்ணினவங்க போட்டதுங்க."

"உங்க சார் அங்கதான் இருந்தாரு!" என்றாள் அக்கா. "ரெண்டு டம்ளர் மோர் வாங்கிக் குடிச்சாரு. இவதான் ஊத்தினா. அப்ப நீ மௌனமா இருந்தியாடி?"

"உப்பு போதுமா சார்னு கேட்டேன்" என்றேன்.

முதலாளி மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி அந்தத் தாளைத் தனியாக எடுத்து வைத்தார். "சரி, விசாரணை நடக்கல. குற்றச்சாட்டுதான் என்ன?"

"குருவாசான்ல கருவாட்டு வாடைங்க சார். கஸ்டமரே எழுதியிருக்காங்க. இவங்க அந்த ஏரியாவிலேர்ந்து வர்றவங்க. இவங்க மூலமாத்தானே வரணுமுங்க?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. என்ன நடந்துச்சு?"

இத்தனை நாளாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். இருபது குற்றத்துக்கும் பதில் மனப்பாடமாக இருந்தது. ஆனால் ஒரு மனுஷர் பேனாவை மூடி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, நான் சொல்லப்போவதைக் கேட்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. கிளார்க் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா முதுகில் தட்டி, "அழுவாத, மறுபடியும் மௌனமா இருந்தான்னு எழுதிடப் போறாங்க" என்றாள். அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் பேச்சும் வந்தது.

"கடைக்குக் கருவாடு கொண்டாந்தது நெசம் சார். ஒருத்தர் கேட்டாங்க, வாங்கியாந்து கார்கிட்டயே அவங்க கையில குடுத்துட்டேன். அதுக்கப்புறம் அது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. வெண்ணெய் பக்கத்துல எதை வெச்சாலும் வாடைய இழுத்துக்கும்னு எங்க செஃப் சொல்றாரு."

"யார் கேட்டது?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் பேப்பர் வெயிட்டை விட்டுக் கண் எடுக்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் அவரை அவர் மனைவி முன்னால் காட்டிக்கொடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. அதிகாரி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வேறு பக்கமாக வந்தார்.

"அப்ப யாரோ சரியா மூடாம, வெண்ணெய் பக்கத்துலயே நாலஞ்சு நாள் போட்டு வெச்சிருக்காங்க. அவ்வளவு அஜாக்கிரதையா..."

"அஜாக்கிரதையெல்லாம் இல்ல சார்!" என்றார் முதலாளி. "மூணே நாள்தான். நியூஸ் பேப்பர்ல ரெண்டு சுத்து சுத்தி, அதுக்கு மேல பிளாஸ்டிக் கவர் போட்டுத்தான் வெச்சேன்."

கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டார். மேடம் மெதுவாக, மிக மெதுவாகத் தன் கணவர் பக்கம் திரும்பினார். ஒன்பது வருடம் அந்தக் கடையில் இருந்திருக்கிறேன், அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை.

"நீங்களா?" என்றார்.

"வஞ்சிரம்" என்றார் முதலாளி. அது நிலைமையைக் கொஞ்சம் சரிசெய்யும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

"ஏங்க, அன்னைக்கு நான் அத்தனை பேசறேன். பக்கத்துல நின்னுட்டுப் பாத்துட்டே இருந்தீங்களே!"

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. கருவாடு வாங்கியது தப்பில்லை, ஒளித்து வைத்ததுகூடப் பெரிய தப்பில்லை. என்னை வெளியே அனுப்பும்போது அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தே பக்கத்தில் நின்றார். நல்ல மனுஷர் என்று நாங்கள் நினைத்தது அவர் சத்தமாகப் பேசாததைத்தான்.

மேலே பேச அதிகம் இல்லை. உத்தரவை ரத்து செய்து, இடையில் நின்றதே இல்லாததுபோல் என்னை வேலையில் சேர்த்துக்கொள்வதாக எழுதினார்கள். கையெழுத்துப் போடும் முன் எனக்கு வேறு ஏதாவது வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். விசாரணை நடந்ததாக எழுதிய தாளில் நான் ஒப்புக்கொண்டதாக இருந்த வரியை அடித்துவிட வேண்டும் என்றேன். அந்தத் தாளே செல்லாதும்மா, அதை அடிக்கத் தேவையில்லை என்றார். இருந்தாலும் அடிக்க வேண்டும் என்றேன். மேடம் பேனாவை வாங்கி, அந்த வரியின் மேல் இரண்டு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

வெளியே வரும்போது வராந்தாவில் மேடம் என்னை நிறுத்தினார். "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நீங்க கேக்கவே இல்லையே மேடம்."

அவர் என் கையைப் பிடித்தார். சட்டென்று பிடித்தார், மன்னிப்புக் கேட்கத்தான் என்று நினைக்கிறேன். பிடித்ததும், "என்னங்க இவ்வளவு ஜில்லுனு இருக்கு?" என்றார். அக்கா அதற்குள் கிளார்க்குக்கு இறால் விஷயமாகப் பதில் சொல்லப் போயிருந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். குளிர் அறையை மூன்று முறை கழுவியிருந்தார்கள். முதலாளி ஒரு மாதம் என் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் வந்து, மாவு மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, தன்னால் சொல்ல முடியாமல் போய்விட்டது என்று மட்டும் சொன்னார். நான் மாவை மடித்துக்கொண்டிருந்தேன். வெண்ணெய் வைத்த மாவைப் பாதியில் விட முடியாது. சரி சார் என்றேன். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அவர் கையில் இப்போது எதையும் நான் கொடுப்பதில்லை. மேசையில் வைத்துவிடுவேன், எடுத்துக்கொள்வார்.

மேடத்துக்குத்தான் விசாரணைப் பைத்தியம் பிடித்துவிட்டது. தட்டு உடைந்தால் விசாரணை. குழாயைத் திறந்து விட்டிருந்தால் விசாரணை. ஒவ்வொன்றுக்கும் குற்றச்சாட்டு எழுத்தில், பதில் சொல்ல அவகாசம், கடைசியில் சம்பந்தப்பட்டவர் கையெழுத்து. விசாரணைக் கமிட்டி என்று ஒன்று போட்டு, அதில் என்னையும் சேர்த்தார். வேண்டாம் என்றேன், நீங்கதான் இருக்கணும் என்றார்.

போன மாதம் காபிப் பெண்மேல் ஒரு புகார் வந்தது. சர்க்கரை போதவில்லை என்ற கஸ்டமரிடம், 'உங்க வீட்டுல போய்ப் போட்டுக்கங்க' என்று சொன்னாளாம். மாடியில் மேடமும் நானும் ஒரு பக்கம், அவள் எதிரில். மேடம் புகாரை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா, என்ன நடந்துச்சு?" என்றேன்.

ஆரம்பித்தாள். அந்த கஸ்டமர் மூன்று தடவை சர்க்கரை கேட்டது, நான்காவது தடவை சொடக்குப் போட்டது, மிஷினில் ஆவி சரியாக வராதது, அன்றைக்குக் காலையில் பஸ் கிடைக்காதது, அம்மாவோடு சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாம் சொன்னாள். ஒரு மணி நேரம் ஆனது. மேடம் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மெதுவாகத் தட்டினேன். ஒரு வார்த்தையும் விடாமல் கேட்டோம்.

"சரி, அப்படிச் சொன்னியா, இல்லையா?" என்று கடைசியில் கேட்டேன்.

"சொன்னேன்க்கா" என்றாள். "அதுக்கு மேலயும் ஒண்ணு சொன்னேன். அது அவங்க புகார்ல விட்டுப்போச்சு."

அதையும் சொன்னாள். எழுதிக்கொண்டோம். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தோம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, வந்தபோது இருந்ததைவிட லேசான முகத்தோடு படியிறங்கிப் போனாள்.